செல்விக்குக் கலக்கிய தண்ணீர்

ஆனி 14, புதன்

விடிந்ததில் இருந்து சாரல். மூடுபனியில் எதிர் லைன் வீடுகூடத் தெரியவில்லை. விறகு எல்லாம் ஈரம்.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் முருகேசன், மருமகள் மல்லிகா, வெள்ளக்கடை ஊரில் இருந்து வந்திருக்கும் அவள் அம்மா பொன்னம்மா, பேத்தி செல்வி, என் வீட்டுக்காரர். பொன்னம்மா கல்யாணத்தில் என் பக்கத்து ஆட்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தவள். ரசம்தான் மிச்சம் இருந்தது. மறக்கவில்லை.

செல்விக்குக் காலையில் இருந்து வயிற்றுப்போக்கு. வெறும் தண்ணீராக. வாந்தி வேறு. மல்லிகா எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் என்றைக்காவதுதான் மலையேறுவார். பார்த்தது கம்பவுண்டர் சரோஜா. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வந்து கொஞ்ச நாள்தான். ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் மருந்து கொடுத்து அனுப்பினாள். ஸ்பூனில் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், வாந்தி எடுத்தாலும்.

"ஏனுங்க சம்பந்தி, ஊத்த ஊத்தத்தானுங்க போகுது. இதுல தண்ணியப் போயி மருந்துன்னு குடுத்திருக்கா" என்றாள் பொன்னம்மா.

"உங்க அளவுக்குப் படிச்சிருந்தா வேற குடுத்திருப்பாளுங்க" என்றேன்.

மத்தியானம் எதிர் வீட்டு நாய் கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கிவிட்டது. கேட்டால் நரியாம்.

ஆனி 15, வியாழன்

மழை விடவில்லை. செல்வி மோசம். கண் குழிக்குள். உதடு வெடிப்பு. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நிற்கிறது. மருந்தைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக் குமட்டுகிறது. ஆனால் தாகம், பார்வை எல்லாம் சொம்பு மேலேயே.

கம்பளியில் சுற்றிப் பிள்ளையை மல்லிகா தூக்க, பாட்டிலோடு நானும் போனேன்.

சரோஜா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறிப்போனது.

"இத என்னங்க பண்ணீங்க?"

மல்லிகா தலை குனிந்தாள். "அம்மாதானுங்க அடுப்புல வச்சாங்க. இந்தக் குளுருல பச்சத் தண்ணி புள்ளைக்கு ஆகாதுன்னு. பாதியாச் சுண்டுனாத்தான் மருந்து புடிக்குமுன்னாங்க, கஷாயமாட்டம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரோஜா திட்டவில்லை. "தண்ணி போயி உப்பு தங்கிருச்சுங்க. கண்ணீருக்கு மேல கரிக்கக் கூடாது. கரிச்சா உடம்புல மிஞ்சியிருக்கற தண்ணியையும் இழுத்துப்போடும்" என்றாள். பாட்டிலைக் கவிழ்த்தாள். கூஜாவில் இருந்து ஆறின வெந்நீர் எடுத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டச் சொல்லி மல்லிகாவை பெஞ்சில் உட்கார வைத்தாள். புதிதாகக் கலக்க ஆரம்பித்தாள்.

ஊற்றுத் தண்ணீர், துணியில் வடித்தது. பம்ப் ஸ்டவ்வில் நன்றாகக் கொதித்தது. இறக்கி, மூடி, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த அண்டாவில் பாத்திரத்தை மிதக்கவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படியே கலக்கிக் குடு கண்ணு. புள்ளையப் பாரு."

"பாத்துக்கிட்டேதானுங்க இருக்கறேன். சுட்ட தண்ணியில சோடா உப்பு காத்தாப் பறந்துருமுங்க. ஆறட்டும்."

அதற்குள் சின்னத் தராசு. தட்டில் வெள்ளைக் காகிதம். கறி உப்பு, சோடா உப்பு, பேர் தெரியாத இன்னொரு உப்பு, குளுக்கோஸ். கத்தி நுனியில் துளி வைப்பாள், துளி எடுப்பாள். முள் நடுவில் நிற்கிற வரைக்கும் மூச்சு விட்ட மாதிரித் தெரியவில்லை. பிள்ளை முனகுகிறது, மழை தகரத்தில் அடிக்கிறது, அந்தக் கை நடுங்கவில்லை.

தண்ணீர் முழுவதையும் ஊற்றவில்லை. முக்கால்வாசியில் கரைத்தாள், கண்ணாடிக் குச்சியால், பாத்திரத்தில் இடிக்காமல். புனலில் பஞ்சு வைத்து வடித்தாள். அப்புறம்தான் மீதி. அளவு ஜாடியை மேஜையிலேயே வைத்து, தான் மண்டி போட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்தாள். கடைசியில் சொட்டுச் சொட்டாக.

"மொதல்லயே ரொப்புனா என்ன கண்ணு?"

"உப்பும் குளுக்கோசும் எடம் புடிக்குமுங்களே. கோட்டத் தாண்டிருச்சுன்னா, கரைஞ்ச பொறவு எந்தத் தண்ணியத் தனியா எடுக்கறது?"

கை மணம் என்று பீற்றிக்கொள்கிறவர்களை ஏகமாகப் பார்த்தாயிற்று. என் நாத்தனார் சாம்பார் ஒரு நாள் மணக்கும், மறுநாள் மாடு குடிக்காது. இவள் கலக்கினால் என்றைக்கும் அதேதான் இருக்கும். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கண்ணீர்தான்.

முதல் ஸ்பூனைச் செல்வி விழுங்கினாள். இரண்டாவதுக்கு வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு மிஞ்சுனாக் கொட்டிருங்க, வேற கலக்கித் தாறேன். சுட வைக்காதீங்க."

"அடுப்புக்கிட்டப் பாட்டில் போச்சுன்னா அவ கைய அடுப்புல வெச்சுப்போடறேன்."

அப்போதுதான் சிரித்தாள். பல் வரிசை நொம்ப அழகு.

ஆனி 16, வெள்ளி

மழை விட்டது. நேற்று முழுக்க ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. விடிகாலையில் செல்வி மல்லிகா மடியில் போனாள். சேலையில் ஈரத்தைத் தொட்டுத் தொட்டு எல்லோரும் சிரிப்பு. முருகேசன் வெளியே போய் மூக்கைச் சிந்தினான்.

பொன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லதுன்னுதானுங்க செஞ்சேன்." சுண்ட வைத்ததை விட்டுவிட்டேன். பந்தியை விடவில்லை.

சரோஜாவுக்குப் பேரிக்காய் கொண்டுபோனேன். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டேன். வெள்ளைக்காரத் துரை எஸ்டேட்டை விற்றுக் கப்பலேறின வருஷம். என் மூத்தவன் சேர்வராயன். இதே வயது, இதே போக்கு. போக்கு நிற்கட்டும் என்று ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

குச்சியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அப்பல்லாம் டாக்டருங்களே குடுக்காதீங்கன்னுதானுங்கம்மா சொல்லுவாங்க. யாருக்கும் தெரியாதுங்க."

தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். கழுவின குச்சியை மறுபடி கழுவினாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

ஆனி 17, சனி

வெயில். கம்பளி காயப் போட்டேன். செல்வி கஞ்சி குடித்தாள். சாப்பிட்ட வாயோடு என்னைக் கடித்தாள்.

இத்தனை வருஷமாக மாமியாரைத்தான் சபித்தேன். சேர்வராயனுக்கு எட்டாமல் தண்ணீர்ப் பானையைப் பரணில் ஏற்றினது அவள். செத்த பிறகு படையலில்கூட அவள் இலைக்குக் குறைத்துத்தான் வைப்பேன். ஆனால் அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவளும் பச்சைத் தண்ணீர் தொடவில்லை, பிள்ளை பார்க்கிறதே என்று. நானும் தொடவில்லை. அவளை விட்டுவிட்டேன். வருகிற அமாவாசைக்கு இலை நிறைய.

அன்றைக்கு வேலையில் இருந்து வந்த ஆள் ஒருவர் பரணில் இருந்து பானையை இறக்கினார். சொம்பில் மொண்டு, பிள்ளைக்கு நேரே நின்று, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு என் பிள்ளை கையை நீட்டினான். அவர் வாயைத் துடைத்தார், பானையை மறுபடி மேலே ஏற்றினார், வெளியே போனார்.

அது கொடுமை என்று தெரியப் படிப்பு வேண்டாம்.

இன்று காலையும் அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். தாலி கட்டின நாள் முதல் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எழுதுகிறேன்.

அர்த்தநாரி.