அப்பா ஊற்றிய நல்ல தண்ணீர்

அன்புக் கடைக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் மூட்டுவலியும் என்னோடு சுகமாகவே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே அலையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் பேய்மழை. எங்கள் பாசிப் பண்ணையின் உப்புநீர்க் குளங்களில் உப்பு குறைந்துபோய், பூச்சி புகுந்து பாசி முழுவதையும் மேய்ந்துவிட்டது. விதைக்கு மிஞ்சியது நான் முன்னெச்சரிக்கையாக நம் வீட்டுக் கொல்லையில் மழை படாமல் வைத்திருந்த ஒரே டிரம் பாசிதான். அதுவும் போனால் இந்த வருஷம் பண்ணையே இல்லை. மழை விட்டு அடித்த வெயிலில் வற்றியதற்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அவருக்குத்தான் கை தாராளமாயிற்றே, குழாயைப் போட்டு விளிம்புவரை நிரப்பிவிட்டார்.

மத்தியானம் வந்து பார்த்ததும் மைக்ராஸ்கோப்பை எடுக்க ஓடினேன். ஒரு சொட்டு எடுத்து அதில் வைத்தால் ஒவ்வொன்றும் ஊதிக் கிடக்கிறது. இந்தப் பாசிக்குக் கெட்டியான சுவர் கிடையாது, மெல்லிய தோல்தான். வெளியே உப்பு ஏறினால் தன் நீரை இழந்துவிடாமல் இருக்க உள்ளே கிளிசரின் செய்து வைத்துக்கொள்ளும். உப்பு திடீரென்று இறங்கினால் அந்தக் கிளிசரினே தண்ணீரை உள்ளே இழுத்து ஊதவைத்துவிடும். வெடிக்காமல் தப்பியவை கிளிசரினை மாவுச்சத்தாக மாற்றி ஒதுக்கிவிட்டு, சில மணி நேரத்தில் பழைய உருவத்துக்கு வரும். அப்பா உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், கொட்டிடவா என்று. ஊதியதை உடனே சுருங்கவைத்தால் கதை முடிந்தது, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், சும்மா இருங்கள் என்றேன். பாவம், முகம் செத்துப்போய் டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பார்த்தால் பாதிக்கு மேல் பழையபடி பேரிக்காய் உருவத்தில் நீந்திக்கொண்டிருந்தன. விதைக்கு அது போதும். நானும் பார்க்கட்டுமா என்று அப்பா கேட்டார். குனிந்தவர் நிமிரவே இல்லை. இத்தனூண்டு உசுரு என்னமா சமாளிக்குது, இத்தனை வருஷமா இதையா பாத்துக்கிட்டு இருந்தே, எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே என்றார். நீங்க கேக்கலையே என்றேன். அவர் சிரித்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது பால்காரருக்குக்கூட அப்பாவின் கிளிசரின் பாடம் நடக்கிறது.

நோய்நொடி இல்லாமல் மனம்போல் நன்றாக இரு. ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாசியைப் பற்றி அப்பாவிடம் கேள். நான் எழுதிவிட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் வாயால் என் வேலையைப் பற்றிச் சொல்வதை நானும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

ஆசையுடன்,
அம்மா