பக்கம் பக்கமாக இரண்டு துளைகள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்கு ரத்த அழுத்தம் மட்டுப்பட்டிருக்கிறது, வாதம் வந்த வலது கை இன்னும் எழவில்லை, குரல் மட்டும் நன்றாக எழும்புகிறது. பத்து நிமிஷம் நான் கண்ணில் படாவிட்டால் "எங்க போன, எங்க போன" என்று ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் நான் எங்கே போவேன், சமையலறைதான் எனக்கு வெளியூர்.

தெருமுனை சைக்கிள் மெக்கானிக் ஒரு ஃப்ரேமைக் கொண்டுவந்தார் என்று சொன்னேன் அல்லவா, வளைந்த குழாயும் அகன்ற டயருமாக ஓடும் க்ரூஸர் வண்டியுடையது. யாரோ ஒரு வாடிக்கையாளர் பழைய இரும்புக் கடையில் எடுத்தாராம், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று தெரிந்தால்தான் பொருத்தமான பாகங்கள் தேட முடியும். "உதிரிபாகக் கடையில இருபத்திரண்டு வருஷம் நின்னவங்க நீங்க, உங்களுக்குத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்க்கா" என்றார், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பால்கனியில் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினேன், மேலே பச்சை, அப்புறம் சிவப்பு, அடியில் கறுப்பு. கம்பெனித் தகடு இருந்த முன்குழாயில் இரண்டு துளைகள், மேலும் கீழுமாக இல்லை, பக்கம் பக்கமாக. கவிழ்த்துப் போட்டுப் பெடல் அச்சு நுழையும் இடத்தின் அடியில் சாக்பீஸைத் தேய்த்தேன், எண் தெளிவாகத் தெரிந்தது. அவர் கடையில் தொங்கும் பழைய ஃப்ரேம்களோடு ஒப்பிட வேண்டும் என்று சொன்னேன், அதனால் சனிக்கிழமைதோறும் அவர் மனைவி வந்து அப்பா பக்கத்தில் உட்காருகிறாள், நான் ஒரு மணி நேரம் கீழே போய் வருகிறேன். கடையில் பத்து நிமிஷம்தான். மிச்ச நேரம் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேன், யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், அது எந்தக் கம்பெனி என்று எனக்கு மூன்றாம் நாளே தெரியும். எங்கள் கடைக்கு வந்த சரக்கில் அப்படித் துளை போட்டது ஒரே ஒரு கம்பெனிதான், எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வருஷம், நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்தைய வண்டி. ஆறு வாரமாக "இன்னும் ஒரு பூச்சு இருக்கு தம்பி" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீ கண் வலிக்கத் தேடி அனுப்பிய பழைய சைக்கிள் படங்களுக்கும் இது இல்லையே, அது இல்லையே என்று சொன்னேன், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா. இப்போது அந்த வாடிக்கையாளர் பொறுமையிழந்து ஃப்ரேமைத் திருப்பிக் கேட்கிறாராம். மெக்கானிக் முகம் வாடி நின்றார், அந்தத் தம்பி பிழைப்பில் மண் போட எனக்கு மனசு வரவில்லை. வரும் சனிக்கிழமை சொல்லிவிடுவேன், அதோடு நான் படியிறங்க ஒரு சாக்கும் இருக்காது.

அப்பா மேல் எனக்குக் கோபமில்லை, சில நாள் இருக்கிறது. போன வாரம் அவர் கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் அழுதுவிட்டார், நானும் அழுதேன். நீ வரட்டுமா என்று போனில் கேட்கும்போதெல்லாம் வேண்டாம், சமாளிக்கிறேன் என்பேன், அவர் காதில் விழுமே என்று சொல்வது அது. அதற்காகத்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். வா, பத்து நாள் போதும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அப்பாவின் மாத்திரை காலை எட்டுக்கு, மத்தியானம் இரண்டுக்கு, சாயங்காலம் ஏழுக்கு, இப்போதே குறித்து வைத்துக்கொள். நீ உள்ளே வந்து பெட்டியைக் கீழே வைக்கும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா