எந்தக் கேள்விக்கு அந்த ‘இல்லை’

அக்கா,

இன்று வேலையிடத்தில் ஒலித்தொகுப்புக்குப் புதிய மென்பொருள் போட்டுத் தந்தார்கள். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பேச்சுக்கு நடுவே உள்ள மௌனங்களைத் தானே தேடி வெட்டிவிடும். காட்டித் தந்தவருக்குப் பெரிய பெருமை. நான் தலையாட்டிவிட்டு, மத்தியானம்வரை எதையும் தொடாமல் இருந்தேன். நீங்கள் போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. உங்களைப் பற்றி இன்னும் ஒருவரிடமும் நான் பேசவில்லை.

பல்கலைக்கழக நிலவறையில், சூடாக்கும் குழாய்கள் முனகும் சுவரோரம் நமக்கு உட்கார இரண்டு கதிரைகள். கனடாவின் வடக்கே, வீதியே போகாத ஊர்களில், மானையும் மீனையும் அரசாங்கத்தோடு சேர்ந்து பராமரிக்கும் பூர்வகுடிச் சபைகள் இருக்கின்றன. அந்தச் சபைக்காரர் ஒருவரையும் தெற்கிலிருக்கும் ஆய்வாளர் ஒருவரையும் தொலைபேசியில் பேசவிட்டு, அதைப் பொட்காஸ்ட் ஆக்குவது நம் வேலை. நான் விட்பியிலிருந்து ரயிலில் வந்துபோன மாணவி. அந்த வேலைக்குப் பொறுப்பான நீங்கள் அஜின்கோர்ட்டில் தனியாக இருந்தீர்கள். முதல் நாளே, “மேடம் கீடம் எண்டு கூப்பிட்டீரெண்டா மைக்கைப் பிடுங்கிப்போடுவன்” என்றீர்கள்.

அந்த மாசியில் ஒரு பதிவு வந்தது. சபைக்காரர் எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை, வெட்டி ஒழுங்காக்குங்கள் என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு ஹெட்போனை என்னிடம் நீட்டினீர்கள். கரிபூ மான்கள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று ஆய்வாளர் கேட்கிறார். மௌனம். அதைத் தாங்க முடியாமல், வேட்டையைக் குறைக்கச் சொன்னால் சனம் ஒத்துக்கொள்ளுமா என்று அடுத்ததைக் கேட்கிறார். அப்போதுதான் அந்த மனிதர் மெல்லத் தொடங்குகிறார்: சுரங்க வீதியால் தூசி, மான் தின்னும் பாசியெல்லாம் தூசி.

“விளங்குதோ? மனுசன் நேராத்தான் சொல்லுறார். ஒரு கேள்வி பிந்தி வருது, அவ்வளவுதான். கேள்வி கேக்கிறவதான் விடுறாவில்லை.”

“எங்கட அம்மாவும் அப்பிடித்தான் அக்கா. கேள்வியும் அவ, பதிலும் அவ.”

நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கடைசியாகக் கேட்டேன். விசயத்தைச் சொன்னதும் ஆய்வாளரும் தன்னை நினைத்துச் சிரித்தார். மறுபடி பதிவு செய்தபோது காத்திருந்து கேட்டார்.

பிறகு வைகாசி. போர் நெருக்க நெருக்க, வன்னியில் ஒடுங்கிக்கொண்டே போன அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் உங்கள் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். இங்கே நம் சனம் நகரத்து வீதிகளில் மழைக்குள் பதாகையோடு நின்றது. அந்தச் சத்தத்தில் போன் கேட்காது என்று நீங்கள் போகவில்லை. நிலவறைக்குள் சிக்னல் இல்லாததால் வெளிப்படியில் இருந்தே வேலை செய்தீர்கள்.

அங்கேதான் அழைப்பு வந்தது. செயற்கைக்கோள் வழிப் பேசும் செய்மதித் தொலைபேசி, சொன்னது போய்ச் சேர்ந்து பதில் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். நான் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, அம்மா உயிரோட இருக்கிறாவோ?”

ஒன்றும் கேட்கவில்லை.

“டேய், நீ வெளியால வந்திடுவியோ?”

இரைச்சலுக்குள் ஒரு குரல்: “இல்லை அக்கா.” அதோடு அறுந்துவிட்டது.

“எதுக்கு இல்லையெண்டவன்?” என்று என்னைக் கேட்டீர்கள். பிறகு நீங்களே சொன்னீர்கள்: “பதில் பிந்தி வருமெண்டு தெரிஞ்சுகொண்டும் அடுத்ததைக் கேட்டுட்டன் பாரும். வாய் நிக்கேல்லை.”

சில நாட்களில் யுத்தம் முடிந்தது என்றார்கள். தம்பி பிறகு எடுக்கவே இல்லை.

அகதி முகாமிலிருந்து செய்தி வந்த அன்று உங்கள் வீடு நிறைய ஆட்கள். அம்மா உயிரோடு இருக்கிறார், தனியாக இருக்கிறார். நீங்கள் குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். “ஏன் பிள்ளை அழுறீர்? அம்மா கிடைச்சிட்டா, சந்தோசப்படும்” என்று ஓர் அன்ரி உங்கள் முதுகைத் தடவினார். அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தீர்கள். அம்மா இருக்கிறார் என்றால், அந்த ‘இல்லை’ இரண்டாவது கேள்விக்கு உரியது. அந்த வீட்டில் அது நம் இருவருக்கும் மட்டுந்தான் தெரியும். பிறகு எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினீர்கள்.

அம்மாவிடம் அதை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. மகன் ஏதோ ஒரு தடுப்புமுகாமில் இருக்கிறான் என்றே அவர் நம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கேட்பார்: “அவன் வருவான்தானே?” நீங்கள் பேசாமல் இருப்பீர்கள். அவருக்கும் பொறுமை இல்லை, “நீ சாப்பிட்டியோ?” என்பார். “ஓம் அம்மா” என்பீர்கள். எதற்கு அந்த ‘ஓம்’ என்று அவர் கேட்டதில்லை.

உங்களுக்கு உடம்பு வருத்தம் முற்றியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அம்மாவின் இலக்கத்தை என் போனில் பதிந்து தந்தீர்கள். என்ன சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அவர் எனக்கு எடுக்கிறார், அக்கா. உங்களை நினைத்து முதலில் கொஞ்சம் அழுவார். பிறகு, “அவனாவது வருவான்தானே பிள்ளை?” என்பார். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன்.

“அங்க சரியான குளிரோ?”

“ஓம் அம்மா.”