ஓரம் எரிந்த காயிதம்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது. சே.க்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்தேன். (சே. = சேவியர், என் வீட்டுக்காரர். டைரியில் இது போதும்.)

நாவல் ப்ரூஃப் 140 பக்கம் முடிந்தது. மொத்தம் 330. தலைப்பு ரகசியமாம், பதிப்பகத்தில் எனக்கும் சொல்ல மாட்டார்களாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வுக்காலத்தில் இந்தக் கூத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கதை: பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது எழுதிய ஒப்பந்தத்தில் கடைசித் தாளைக் காணோம். அது யார் கையில் இருக்கிறதோ புதுச்சேரி அவனுக்கே. தேடி வருகிறான் ஒரு முன்னாள் கமாண்டோ. பெயர் விக்ராந்த். சட்டைப் பொத்தான் நூறு பக்கமாகப் போடவே இல்லை.

இதுவரை குறித்தவை:

– ப. 22. மாதா கோயிலிலிருந்து கடலுக்குச் சுரங்கம், ஆள் நிமிர்ந்து நடக்கலாம். எங்கள் முத்தியால்பேட்டையில் கக்கூஸ் தொட்டிக்குத் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது.

– ப. 57. லைட்டர் வெளிச்சத்தில் இருநூறு வருஷத்துக் கையெழுத்தை ஒரே பார்வையில் படிக்கிறான். அதே வெளிச்சத்தில் முத்தமும்.

– ப. 83. அரக்கு முத்திரையை நக்கிப் பார்த்து எந்த வருஷம் என்று சொல்கிறான். சீ.

– ப. 31, 64, 90, 118. எந்தத் தாள் கிடைத்தாலும் பழுப்பு, ஓரம் எரிந்திருக்கிறது. யார் எரித்தார்கள்? ஓரத்தை மட்டும் ஏன்?

சாயங்காலம் நசீமா வந்தாள். பழைய மாணவி, சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து நேரே பஸ் பிடித்து வந்திருக்கிறாள், வீடெல்லாம் சோப்பு வாசனை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறாள். பிரெஞ்சுத் தூதரக ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லி 16ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நிக்காஹ் பதிவு, பிறப்புச் சான்று இரண்டையும் நான் பிரெஞ்சில் மாற்றித் தரணும். அவள் அத்தா, பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது, தன் கல்யாணத்துக்கு முன்பே, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர். அதற்குக் கொடுத்த ரசீதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒப்சியோன் காயிதம் என்போம். அதன் ஜெராக்ஸை நீட்டினாள்.

நகலைப் பார்த்து நான் எழுதுவதில்லை, அசலைக் கொண்டுவா என்றேன். என் சட்டம் அது.

"அத யாருக்கும் குடுத்ததில்ல மதாம்."

"என்கிட்டயுமா?"

தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஜூலை 9, புதன்

மாத்திரை வாங்கியாச்சு. முருங்கைக்கீரை, கருவாடு.

நசீமா அசலைக் கொண்டுவந்தாள். எக்ஸ்ரே கவருக்குள் இரண்டு அட்டை, அட்டைகளுக்கு நடுவில் தாள், பூச்சி அரிக்காமலிருக்க மூலையில் நாலு கிராம்பு. மடிப்புக்கூட இல்லை. அறுபது வருஷத்துக் காயிதம் நேற்று அடித்ததுபோல இருக்கிறது. ஊதா முத்திரை, நம்பர், அத்தாவின் கோணல் கையெழுத்து.

"அத்தா வருசத்துக்கு ஒருக்கா எடுத்துக் காத்தாட வெப்பாங்க. அன்னிக்கு எங்க யாரையும் தண்ணி கூடக் குடிக்க வுடமாட்டாங்க கிட்ட நின்னு. ஈரக் கையால தொட்டா அவ்ளோதான், அடிதான்."

அத்தா பிரெஞ்சு அடையாள அட்டை எடுக்கவில்லை, ஓட்டுப் போடவில்லை, கையெழுத்துப் போட்டதோடு சரி. அத்தா போய் ஒரு வருஷம் ஆகிறது. பிரான்சுக்கு எழுதிக் கேட்டதற்கு அப்படியொரு பதிவு அகப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது. ஆக உலகத்தில் இந்த ஒரு தாள்தான். அவளுடைய இரண்டு பெண்களும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"பத்திரம் மதாம்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம்கூட வந்தது.

ஜூலை 10, வியாழன்

மதியம் வரை நல்ல நாள்.

நாவலாசிரியர் வந்தார், சென்னையிலிருந்து. (இனி நா. பெயரை எழுதக் கை கூசுகிறது.) அட்டைப்படத்துக்காக நாலு நாள் இங்கேயே தங்கல். வெள்ளை லினன் சட்டை, செண்ட் நெடி. நான் குறித்த 61 பிழைகளை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

"மேடம், வாசகனுக்கு உண்மை வேணாம். அந்த ஃபீல் வேணும்."

சுரங்கத்தை எடுக்க மாட்டாராம். நக்குவதையும். எரிந்த ஓரத்தைப் பற்றிக் கேட்டேன். "டாக்குமெண்ட்னா அப்படித்தானே இருக்கும்?"

அங்கேதான் எனக்கு வீம்பு ஏறிவிட்டது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம். அலமாரியைத் திறந்து நசீமாவின் கவரை எடுத்து மேசைமேல் வைத்தேன். இதோ பாருங்கள், எங்கள் ஊரில் காயிதம் இப்படித்தான் இருக்கும் என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரல். எனக்கே கேட்டது.

குனிந்து பார்த்தார். "இவ்ளோ சுத்தமா இருக்கே! நேத்து பிரிண்ட் எடுத்ததுன்னு சொல்வாங்க." அப்புறம், "ஒரே ஒரு நாள் குடுங்க மேடம். அட்டையில இந்த சீல் மட்டும் வரட்டும். பேர் தெரியாம பாத்துக்கறேன். காலைல என் கையால கொண்டுவந்து தரேன்."

முடியாது என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அதையும் எழுதி வைக்கிறேன், ஆனால் பிரயோஜனமில்லை. மூன்றாவது தடவை அவர் சொன்னது: "நன்றிப் பக்கத்துல உங்க பேர்தான் மொதல்ல. ஆவண ஆலோசனைன்னு போடறோம்."

கவரை வைத்துக்கொண்டு தாளைக் கொடுத்துவிட்டேன்.

சே. தூங்கி எழுந்து, யார் வந்தது என்றார். பதிப்பகத்து ஆள் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் வரவில்லை. பத்து மணிக்குப் போன், எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு எடுத்தார். "டிசைனர்கிட்ட இருக்கு மேடம், காலாப்பட்டு பக்கம் பீச் ஹவுஸ். லைட் சரியில்லைன்னு வெயிட் பண்றான். நாளைக்கு ஷ்யூர்."

நிக்காஹ் பதிவு முடித்தேன். பிறப்புச் சான்று முடித்தேன். பெயர்களை நசீமா தந்த ஜெராக்ஸைப் பார்த்து எழுதினேன். என் சட்டம்!

குழம்பில் உப்பு இல்லை என்றார் சே.

ஜூலை 12, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

11 மணி. நா. வந்தார். முகமெல்லாம் பல். முதலில் போனில் அட்டைப்படத்தைக் காட்டினார். இருட்டு, ஒரு கை, கையில் பழுப்புத் தாள், ஓரத்தில் தீ தின்ற கறுப்பு. நம் முத்திரை. எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் செய்ததா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல செஞ்சா பொய்யாத் தெரியும் மேடம்."

பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

டீத்தூள் டிகாக்‌ஷனில் ஊற வைத்திருக்கிறார்கள். வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். மெழுகுவத்தியால் மூன்று ஓரமும் சுட்டிருக்கிறார்கள். தாள் அப்பளமாக நெளிந்து கிடக்கிறது. ஊதா முத்திரை பாதி கரைந்து ஓடியிருக்கிறது. நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் எரிந்த பக்கத்தில் இருந்தது, இல்லை. அத்தாவின் கையெழுத்தில் முதல் எழுத்து மட்டும் தெளிவு.

"டிசைனர் ப்ராப்பர்ட்டின்னு நெனச்சுட்டான் மேடம், சினிமா செட்டுக்குச் செய்யறது மாதிரி. நானும் சொல்ல மறந்துட்டேன். ஆனா முன்னாடியே ஸ்கேன் எடுத்து வெச்சிருக்கான், செம்ம குவாலிட்டி. அனுப்பச் சொல்றேன்." கொஞ்சம் பொறுத்து, "நிஜமா சொல்லணும்னா, இப்பதான் ஒரிஜினல் மாதிரி இருக்கு."

வெளியே போங்கள் என்றேன். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

டீ போடக்கூட அடுப்படிக்குப் போக முடியவில்லை. அந்த ஆள் முட்டாள். ஆனால் அவரிடம் யாரும் நம்பி எதையும் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தாள். ஒரு பக்கத்தில் என் பெயர் அச்சாகும் என்பதற்காக. பொம்பளையா நான். த்தூ.

ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை. நன்மை (நற்கருணை) வாங்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன், எல்லோரும் என் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். சே. திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சே. மெதுவாகச் சொன்னார்:

"காப்பி கொட்டிடுச்சுன்னு சொல்லேன். துடைச்சு, காய வெக்கறேன்னு அடுப்புகிட்ட கொண்டுபோனேன்னு. யாருக்கும் நடக்கறதுதானே."

இதில் அசிங்கம் என்னவென்றால், அவர் சொல்லும் முன்பே அதே பொய்யை நான் பூசையில் உட்கார்ந்து தயார் செய்து வைத்திருந்தேன். காப்பியா டீயா என்பது வரை யோசித்திருந்தேன்.

நாளை பிரெஞ்சு தேசியத் திருநாள். இன்று சாயங்காலமே பேண்டு வாத்தியம், லாந்தர் ஊர்வலம். சே. கூப்பிட்டார். போகவில்லை.

ஸ்கேன் மெயிலில் வந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நாரும் தெரிகிறது. அத்தாவின் பேனா ஒரு இடத்தில் திக்கியதுகூட.

ஜூலை 14, திங்கள்

நசீமா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வார லீவு. சின்னப் பெண் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாற்காலி போட்டுத் தூசி தட்டினாள்.

காப்பிப் பொய் தொண்டை வரை வந்தது. நசீமா நான் நீட்டிய கவரைத் திறந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திறந்தாள், அதைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். நன்றிப் பக்கத்தையும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்றும். தாளை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"டீ வாசன அடிக்குது மதாம்."

அவ்வளவுதான். அட்டைகளுக்கு நடுவே வைக்கப் பார்த்தாள், நெளிந்துவிட்டதால் மூடவில்லை. கிராம்பு நாலும் தரையில் கொட்டியது. நானும் அவளும் பொறுக்கினோம்.

16ஆம் தேதி கூட வருகிறேன் என்றேன். "வாங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஜூலை 15, செவ்வாய்

தூதரக ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன், பிரெஞ்சில், ஒன்றரைப் பக்கம். தாள் என் பொறுப்பில் இருந்தபோது நான் அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தேன், அங்கே கெடுத்தார்கள், நசீமாவுக்கு இதில் பங்கில்லை. கையெழுத்து, விலாசம். ஸ்கேனைப் பிரிண்ட் எடுத்துச் சேர்த்தேன். பிரெஞ்சில் இவ்வளவு நேரான வாக்கியம் நான் எழுதியதில்லை.

தாளைச் சுட்டது தான்தான் என்று டிசைனரிடம் ஒரு வரி எழுதி வாங்கித் தரும்படி நா.வுக்குப் போன். "லீகலா ஏதாவது ஆயிடும் மேடம்." வைத்துவிட்டார்.

மத்தியானம் பதிப்பகத்திலிருந்து நன்றிப் பக்கத்தின் ப்ரூஃப். முதல் பெயர் என்னுடையது. "அரிய அசல் ஆவணங்களைத் தந்துதவிய" என்று ஆரம்பிக்கிறது. சிவப்பு மையில் அடித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன். பக்கம் 140க்கு மேல் திருத்த மாட்டேன், வேறு ஆள் பாருங்கள் என்று எழுதி அனுப்பியாச்சு.

அதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். ஏன் படித்தேனோ.

ஜூலை 16, புதன்

8.30க்கே போய் நின்றோம். மேகம், மழை இல்லை. நசீமா இஸ்திரி போட்ட சுடிதார், சோப்பு வாசனை இல்லை.

உள்ளே ஒரு பெண் அதிகாரி, நடுவயது, மரியாதையான ஆள். மற்ற தாள்களையெல்லாம் புரட்டினார். என் மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஒப்சியோன் காயிதத்தை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். எழுந்து போய் இன்னொருவரிடம் காட்டினார். இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து என்னிடம் பிரெஞ்சில், தாழ்ந்த குரலில்: பழசாகக் காட்டுவதற்காக டீயில் தோய்த்து, ஓரம் சுட்டுக் கொண்டுவரும் போலிகளைப் பார்த்திருக்கிறோம், மதாம். இது அப்படித்தான் இருக்கிறது.

கடிதத்தைக் கொடுத்தேன். முழுதும் படித்தார். நம்பினாரா தெரியவில்லை. ஸ்கேன் அசல் ஆகாது என்றார். எல்லாவற்றையும் சேர்த்துப் பின் குத்தி, சோதனைக்கு அனுப்புவோம் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார். தாள் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் நசீமா கேட்டாள்.

"இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். போலி என்ற சொல்லையும் விடாமல் சொன்னேன்.

பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். அவள் ரசீதைப் பர்சில் வைத்தாள், எடுத்தாள், மடிக்காமல் வெறும் எக்ஸ்ரே கவருக்குள் வைத்தாள். சேதராப்பட்டு பஸ்ஸுக்காக நின்றோம், மத்தியான ஷிஃப்டுக்குப் போகணும் அவள்.

"மதாம். அந்த ஆளு கதையில, தேடுறாங்களே ஒரு காயிதம். கடைசில அது கெடைக்குதா?"

"கிடைக்குது" என்றேன்.

"கெட்டுப் போவாமயா?"

ஆமாம் என்றேன். கடைசி அத்தியாயத்தில் அந்த ஒரு தாளுக்கு மட்டும் ஓரம் எரியவில்லை. பஸ் வந்துவிட்டது.