எல்லாம் பச்சை

ஜூன் 9, திங்கள்
இன்றும் சிவப்பு. யானை எச்சரிக்கை ஆப்பை என் ஸ்கிரிப்ட்தான் ஆளில்லாமலே அமுக்கிப் பார்க்கிறது. சரியாக வேலை செய்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஆனால் நடுவில் பேட்டரி குறைவு, அப்டேட் செய்யவும் என்று ஏதாவது ஒரு பெட்டி வந்து திரையில் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்கிரிப்ட் அங்கேயே முழித்துக்கொண்டு நிற்கிறது. சரவணம்பட்டியில் இத்தனை ஆபீஸ் இருக்க எனக்கு வாய்த்தது இது.

ஜூன் 10
ஒரே ஒரு வரி சேர்த்தேன்: எந்தப் பெட்டி வந்தாலும் மூடிவிட்டு மேலே போ. எல்லாம் பச்சை! டீம் லீட் தமிழ்வேந்தன் ஸ்வீட் வாங்கி வந்தார்.

ஜூன் 13
பக்கத்து சீட் கிருபாவின் அப்பா ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குக் காவல். வெளியிடும் முன்பே சோதனைக்காக ஆப்பை ஃபோனில் போட்டுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். யானையைக் கண்டு பொத்தானை அமுக்கினால் அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களின் ஃபோன்கள் அலறும், வனத்துறை ஜீப்பும் வரும்.
"முன்னெல்லாம் தொணைக்கு ஆள் கூட்டிட்டுப் போவாருங்க்கா. இப்ப ஃபோன் இருக்குதுன்னு தனியாவே போறாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

ஜூன் 18
"அப்பா நேத்து அமுக்குனாராமா. யாருக்கும் சத்தமே வரலீங்களாமா" என்றாள் கிருபா. நல்லவேளை, யானை தானாகவே ஒதுங்கிப் போயிருக்கிறது. சிக்னல் இருந்திருக்காது என்றேன்.
ஆனால் சிக்னல் குறைந்த சோதனையும் பச்சைதானே? அப்புறம் எப்படி?

ஜூன் 19
ஃபோனைக் கையில் எடுத்து, சிக்னலைக் குறைத்து, நானே அமுக்கினேன். எச்சரிக்கை போகவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. அல்லாஹ் — என் வரி தினமும் மூடியது இதைத்தானா?
வரியை எடுத்தேன். சிவப்பு.
தமிழ்வேந்தன் குரலைக்கூட உயர்த்தவில்லை. "திங்கக்கெழம ஆப்பை வெளியிடறோமுங்க. அது முடியட்டும், பொறவு பாத்துக்கலாம். அந்த வரியத் திரும்பப் போட்டுருங்க."
போட்டுத் தொலைத்தேன். கிருபாகிட்ட சொல்லிரணும். எப்படிச் சொல்றது? வேலை போயிருமே. திங்கள் முடியட்டும்.

ஜூன் 20
சொல்லவில்லை.

ஜூன் 23
ஆப் வெளியானது. கேக் வெட்டினார்கள். கிருபா வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

ஜூன் 24
கிருபாவின் அப்பாவைத் தோப்பில் யானை அடித்துவிட்டது. அடக்கமும் முடிந்துவிட்டதாம். அவர் பொத்தானை அமுக்கவே மறந்திருப்பார் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 1
கிருபா வந்தாள். அப்பாவின் ஃபோனை என் மேசைமேல் வைத்தாள். எச்சரிக்கை போகவில்லை என்ற அந்தப் பெட்டி இன்னும் திரையில் நின்றது. சார்ஜ் இறங்கவிடாமல், யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறாள்.
"இப்படியொண்ணு வரும்னு உங்க டெஸ்ட்ல தெரியவே இல்லீங்களாக்கா?"
தெரியும் என்றேன்.
எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டாள். சொன்னேன்.