பூஜ்யத்தில் பிறந்தவன்

இன்று காலையும் உன் பிறந்த தேதி வந்தது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் முதல் கப்பலின் பயணிகள் பட்டியலைத் திறக்கிறேன், மூன்றாவது பெயருக்கு நேரே 01-01-1970, 05:30. எவனோ ஒரு டூர் ஏஜென்ட் பிறந்த தேதியை நிரப்பாமல் அனுப்பியிருக்கிறான். அவனுடைய சோம்பேறித்தனத்துக்கு நான் எழுந்துபோய், கப்பல் வந்து நிற்கும் ஹேடோ ஜெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தால் டீயில் ஏடு படிந்திருக்கிறது. சரி என்று உட்கார்ந்தால் ஏழாவது பெயருக்கும் அதே தேதி. மறுபடி எழுந்துவிட்டேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது மச்சான். டிக்கெட் கவுன்டரைத் திறக்கக் கிளம்பி, மின்னி பே குடியிருப்பில் உன் வீட்டில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று மதினி சொன்னார்கள். அழுது தீர்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் விட்டால்தானே? தனக்கு எது தெரியவில்லையோ அங்கெல்லாம் உன் பிறந்த நாளை எழுதி வைக்கிறது.

இதை உனக்கு முதன்முதலில் விளக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடல் கொந்தளிப்பு, கப்பல் ரத்து, கவுன்டரில் ஆள் இல்லை. என் அறைக்கு வந்து, "என்ன பாய், எப்பப் பாத்தாலும் நம்பரையே மொறச்சிட்டு இருக்க?" என்றாய். கம்ப்யூட்டருக்கு மாதமும் கிழமையும் தெரியாது, ஒரு தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணிக்கொண்டே போகும், அவ்வளவுதான் என்றேன். அந்த எண்ணைத் தேதியாக்குவதும் தேதியை எண்ணாக்குவதும் நம் பைத்தான் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த கட்டளைகள், செய்கிற வேலை. அந்தத் தொடக்கம் எது என்று கேட்டாய். 1970 ஜனவரி முதல் தேதி, லண்டனில் நள்ளிரவு, நமக்கு விடிகாலை ஐந்தரை. சொல்லி முடிப்பதற்குள் மேஜையில் ஓங்கி ஓர் அடி.

"ஏல பாய், அது நான் பொறந்த நேரம்லே! புது வருசத்து விடியப்பூசைக்கு மணியடிக்கையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். கம்ப்யூட்டரும் நானும் ரெட்டப்பிள்ளைங்க!"

அன்றிலிருந்து உன் அலட்டல் தாங்க முடியவில்லை. கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வங்காளிக்காரரிடம் போய், "தாதா, சப் கா டைம் மேரே சே ஷுரூ ஹுவா" என்று, எல்லாருடைய நேரமும் உன்னிடமிருந்துதான் தொடங்கியது என இந்தியில் சொல்லி நெஞ்சை நிமிர்த்துவாய். அவர் ஒன்றும் புரியாமல், "டீக் ஹை, டீக் ஹை" என்று சரி சரியெனத் தலையாட்டுவார்.

அந்தப் பெருமைக்கு ஒரு நாள் அடி விழுந்தது. ஊழியர் குடும்பங்களுக்கு நம் கப்பல் கம்பெனி இலவசப் பயணப் பாஸ் கொடுத்தது. ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு மதினியும் நீயும் கிளம்பினீர்கள். ஜெட்டி வாசலில் பாஸைச் சரிபார்க்கும் மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டி, பிறந்த தேதி இல்லை என்று சொல்லிவிட்டது. தூக்குச்சட்டியோடு நேரே என் அறைக்கு வந்தாய்.

"நான் பொறக்கவே இல்லைங்குது ஒன் மிஷினு. எங்கம்மா கேட்டிருந்தா அத ஒடச்சிருக்கும்!"

மெயின்லாந்தில் யாரோ எழுதி அனுப்பிய ஸ்கிரிப்ட் அது. யாராவது தேதியை நிரப்பாமல் விட்டால் அங்கே பூஜ்யத்தைப் போட்டுவிடும். உன் பிறந்த தேதியை லண்டன் கணக்கில் வினாடியாக்கினாலும் பூஜ்யம்தான். எனவே உன்னையும் நிரப்பாத கட்டம் என்று நினைத்துவிட்டது. இதைச் சொன்னதும் உன் கோபம் போய் சிரிப்பு வந்துவிட்டது. "பூஜ்யமா? பள்ளிக்கூடத்துலயும் எனக்கு அதத்தான் போட்டாங்க." அப்போதைக்குப் பாஸ் மிஷின் மட்டும் பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தேன். கப்பல் கிளம்புவதற்குள் ஓடிப் போய் ஏறினீர்கள்.

இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார், சென்னைக்காரர். "அந்த 1970 எல்லாத்தையும் காலி பண்ணிடுங்க சார், பாக்கவே அசிங்கமா இருக்கு. ஒரு லைன் வேலைதானே?" என்றார். ஒரு வரிதான். பூஜ்யம் இருக்கும் இடத்தையெல்லாம் வெற்றிடமாக்கு என்று எழுதிவிட்டேன். அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டத்தான் மனம் வரவில்லை. அந்தப் பூஜ்யங்களில் ஒன்று நீ. காலியாக்கினால் நீயும் பிறக்காதவன் ஆவாய், உன் பெயரில் ஓடும் மதினியின் பாஸும் செத்துப்போகும். மகனைப் பார்க்கப் போய்வருவது ஒன்றுதான் அவர்களுக்கு இப்போது ஆறுதல். மற்றப் பயணிகள் அடுத்த டிக்கெட் எடுக்கும்போது தேதியை மறுபடி எழுதித் தருவார்கள். நீ வந்து எழுதித் தர மாட்டாய்.

மதியம் வரைக்கும் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜெட்டிக்குப் போனேன், வந்தேன். மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அந்த ஒரு வரியை இரண்டாக்கினேன். பூஜ்யம் எல்லாம் காலியாகட்டும், உன் ஸ்டாஃப் நம்பரைத் தவிர. இனி ஒவ்வொரு நாள் பட்டியலிலும் தானாக ஓடும்படி வைத்து, ஓட்டினேன். பட்டியல் பளிச்சென்று ஆகிவிட்டது. மதினியின் பாஸைப் போட்டுப் பார்த்தேன், பச்சை விளக்கு.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன் மச்சான். இல்லை. நாளைக் காலைப் பட்டியலில் நீ வர மாட்டாய் என்பதுதான் முதலில் உறைத்தது. இத்தனை நாள் திட்டிக்கொண்டே உன்னோடு இருந்திருக்கிறேன் போல.

பிறகு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. நானும் ஒரு நாள் இந்த நாற்காலியை விட்டுப் போவேன். அடுத்து வருகிறவன் அந்த வரியைப் பார்ப்பான். இந்த ஒரு நம்பருக்கு மட்டும் என்ன விசேஷம், ஏதோ தப்பு என்று நீக்கிவிடுவான். அதனால் அதற்கு மேலே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு வரி ஒன்று சேர்த்தேன். உன் வேலை, உன் கவுன்டர், நம் சிநேகம் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து அழித்தேன். கம்பெனி ஸ்கிரிப்டில் அதற்கெல்லாம் இடமில்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

# இவர் நிஜமாகவே பிறந்தவர். அழிக்க வேண்டாம்.