மொரீஷியஸ் முறைப்படி எனக்கொரு நாற்காலி

பிஸ்கட்டவே,
நியூ ஜெர்சி.

அன்புள்ள சாரதாவுக்கு,

நலம். நீயும், மகன் இளமாறனும், மருமகளும், போன மாதம் பிறந்த நம் பேத்தி வெண்பாவும் சான் ரமோனில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. போனில் நீ நடுவில் சிரித்துவிடுவாய், எனக்குக் கோபம் வந்துவிடும், விஷயம் அங்கேயே நின்றுவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இங்கே மகள் சண்முகப்ரியாவும் பேரன் முகிலனும் நலம். துணி காயவைக்கும் மெஷின் நின்றுபோனது. மாப்பிள்ளை கௌசிக், "மாமா, நீங்க தொடாதீங்க, ஆளைக் கூப்பிட்டுக்கலாம்" என்றார். திருப்பூரில் என் கடையில் நான் பிரிக்காத மோட்டாரா? பிரித்தேன். பெல்ட் அறுந்திருந்தது, மாற்றினேன். இப்போது ஓடுகிறது. கொஞ்சம் சத்தம் வருகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வாட்ஸப் குழுவில் இளமாறன் நடத்திய வாக்கெடுப்பை நான் மறக்கவில்லை. குளிர்காலத்துக்கு அம்மா எங்கே இருக்க வேண்டும், சான் ரமோனா, பிஸ்கட்டவேயா என்று கேட்டான். பிஸ்கட்டவேக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அது என்னுடையது. மகளும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் போனதுகூடப் பரவாயில்லை. நீயும் அல்லவா அந்தப் பக்கம் அழுத்தினாய்! "ஏனுங்க, புள்ள பொறக்கற ஊட்டுல நான் இல்லாம எப்படிங்க?" என்றாய். நியாயம்தான். அதை ஓட்டுப் போட்டா சொல்வது? முகிலன் ஓடிவந்து, "தாத்தா, யூ லாஸ்ட்!" என்று கத்தினான். குழுவிலிருந்து வெளியேறினேன். "நீங்களும் வாங்கப்பா" என்று இளமாறன் கூப்பிட்டபோது, தோற்றவன் ஜெயித்தவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அதில் ஒரு எழுத்தும் மாறாது.

ஆனால் ஒரு புதுத் தகவல் கிடைத்திருக்கிறது. நூலகத்தில் ஒரு சிநேகிதர் சேர்ந்திருக்கிறார். பெயர் சுப்ராயென், மொரீஷியஸ் தமிழர். கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். காவடி எடுத்திருக்கிறார், தமிழ் மட்டும் பேச வராது. அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் எப்படியோ ஒத்துப்போகின்றன. என் தோல்வியைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, எங்கள் நாடாக இருந்தால் உங்களைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்திருப்பார்கள், மிஸ்டர் மணி என்றார்.

அவர்கள் நாடாளுமன்றத் தேர்தல் விநோதமானது. தீவில் இருபது தொகுதி, தொகுதிக்கு மூன்று உறுப்பினர். அதனால் ஆளுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுச்சீட்டு செல்லாது. ரோட்ரிக்ஸ் என்ற குட்டித் தீவுக்குத் தனியாக இரண்டு பேர். எல்லாம் எண்ணி முடித்த பிறகு, எந்தச் சமூகத்துக்குச் சபையில் இடம் குறைகிறது என்று பார்க்கிறார்கள். அந்தச் சமூகத்தில் தோற்றவர்களுக்குள் நன்றாக ஓட்டு வாங்கியவரைக் கூப்பிட்டு உறுப்பினர் ஆக்குகிறார்கள். எட்டு இடம் வரை அப்படிக் கொடுக்கலாம். 'பெஸ்ட் லூசர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தோற்றவனுக்கு நாற்காலி கொடுப்பது பிச்சை போடுவது போலத்தானே என்று சண்டை பிடித்தேன். அவருடைய சித்தப்பா ஒருவர் அப்படித்தான் சபைக்குப் போனாராம். நாற்காலியில் 'தோற்றவன்' என்று எழுதியா ஒட்டியிருக்கிறது, அதே சம்பளம், அதே ஓட்டு, சபையில் அதிகம் சத்தம் போட்டதே எங்கள் சித்தப்பாதான் என்றார். நான் அதற்கெல்லாம் மசிகிறவனா? புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் படித்தேன். மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை. வேட்பாளர் தன் சமூகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே பலருக்குப் பிடிக்காமல் வழக்குவரை போயிருக்கிறது. சுப்ராயெனிடம் அதைச் சொன்னேன். குறை இருக்கிறதுதான், அதற்காக ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தால் சபை அழகாகிவிடுமா என்று திருப்பிக் கேட்டார்.

போனில் படம் காட்டினார். போர்ட் லூயியில் பிரெஞ்சுக்காரன் காலத்து அரசு மாளிகை, முன்னால் வரிசையாகப் பனை போன்ற மரங்கள், வாசலில் விக்டோரியா ராணி சிலை. சுதந்திரம் வந்ததும் எதையும் இடிக்கவில்லை. மாளிகையை ஒட்டி இருக்கும் மன்றத்தில்தான் சபை கூடுகிறது. இருக்கிற வீட்டோடு ஒட்டி ஓர் இடம் இருந்தால் ஒரு நாட்டுக்கே போதுமாக இருக்கிறது. இளமாறன் வீட்டில்கூட கராஜை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு, அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறான். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

இப்போது அந்த வீட்டு நிலவரத்தைப் பார். ஐ.டி. சமூகத்துக்கு மகனும் மருமகளும். குழந்தைகள் சமூகத்துக்கு வெண்பா. பாட்டிகள் சமூகத்துக்கு நீ. தாத்தாக்கள் சமூகத்துக்கு ஓர் ஆள்கூட இல்லை! இது பெரிய அநியாயம். தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவனும் நான்தான், ஏனென்றால் வேறு யாரும் தோற்கவில்லை. முறைப்படி கூப்பிடப்பட்டு வருகிறவன் உறுப்பினர். அவன் வாசலை மிதித்தால் நான் சொன்ன சொல் கெடாது. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தயவுசெய்து இதையும் வாக்கெடுப்புக்கு விட்டுவிடாதே. மொரீஷியஸில் இந்த இடங்களை ஓட்டெடுத்து நிரப்புவதில்லை, ஓர் ஆணையம் உட்கார்ந்து முடிவு செய்கிறது. நம் குடும்பத்தில் அந்த ஆணையம் நீதான்.

உன் பச்சைச் சால்வையை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டாய். பார்சலில் அனுப்பலாம் என்று ப்ரியா சொன்னாள். வேண்டாம், தொலைந்துவிடும் என்று நான் வாங்கி மடித்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாராவது கையோடு கொண்டுவந்தால்தான் உண்டு. அங்கே காலையில் குளிர்கிறதாமே.

வெண்பா நீண்ட ஆயுளோடும், என்னைப் போலப் பிடிவாதம் இல்லாமலும் வளரட்டும். உன்னைப் போல இருந்தால் போதும்.

ஆணையத்தின் அழைப்புக்குக் காத்திருக்கும்,
வேலுமணி